நாற்பது சதவீதத்தில் போன மணப்பெண்

கரூர் கடைவீதியில் ஒரு கடை எத்தனை சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறதோ, அத்தனை சதவீதம் அந்தக் கடை அங்கே இருக்காது. பத்து என்றால் ஒரு பக்கத்துச் சுவரோ முதலாளியின் இடது கையோ இருக்காது. ஐம்பது என்றால் பாதிக் கடைதான். விற்ற சாமானிலும் அதே அளவு குறையும். ஆடி பிறந்துவிட்டால் வீதியில் வெயில் கூடுதலாக விழும். மறைப்பதற்குக் கடைகள் இருக்காதே.

இதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு புகாரும் கிடையாது. பக்கெட், தலையணை உறை, கால்மிதி எல்லாம் தள்ளுபடியில்தான் வாங்குவார்கள். ஒரு மூலை இல்லாத தலையணை உறைக்காக யார் சண்டைக்குப் போவார்கள்? விலை உயர்ந்த சாமான் வாங்கப் போகும்போது மட்டும் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோவார்கள். கடைக்காரருக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுப்பது வழக்கம். குடித்த டீ அவர் வயிற்றில் தங்கினால் நம்பி வாங்கலாம். தரையில் ஒழுகினால், வரேனுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட வேண்டும்.

ஆடி இருபத்தெட்டாம் தேதி காலையில் வசந்தாமணி ஃபிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு வீடியோ கேமரா வாங்கக் கிளம்பினாள். ஆவணி ஆறாம் தேதி அவள் கணவர் சென்னியப்பனுக்கு மணிவிழா. அறுபது முடிந்த மனுசன் பெண்டாட்டி கழுத்தில் மறுபடி தாலி கட்டுகிற விசேஷம். இந்தத் தடவையாவது தான் வீடியோவில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கல்யாணத்தை எடுத்த ஆள், நாற்பது சதவீதத் தள்ளுபடியில் கேமரா வாங்கியிருந்தார். அந்த நாற்பதில் போனது நாதஸ்வரச் சத்தம், மோர்க்குழம்பு, மணப்பெண். கேசட்டைப் போட்டால் சென்னியப்பன் பட்டு வேட்டியோடு குனிந்து, காற்றுக்கு மூன்று முடிச்சு போடுவார். ரொம்பப் பொறுப்பாகப் போடுவார். பிறகு காற்றின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி வருவார்.

சென்னியப்பனின் தங்கை பழனியம்மாளுக்கு இது போதாதா? பொங்கல், தீபாவளி, காதுகுத்து என்று நாலு பேர் சேர்ந்தால் போதும், கேசட்டைப் போடச் சொல்லி, "எங்கண்ணன் காத்தைத்தானுங்க கட்டிக்கிட்டாரு. இந்தப் பொம்பள யாருன்னே எங்களுக்குத் தெரியாது" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். வசந்தாமணியும் சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் வெங்காயம் இருக்கிறதோ இல்லையோ அழுதுவிட்டு வருவாள். வாடகைக்கு வரும் கேமராக்காரர்களை இனி அவள் நம்பமாட்டாள். எவன் எங்கே வாங்கினானோ.

முதல் கடையில் எழுபது சதவீதம். ஒரு போர்டும் ஒரு குரலும் மட்டும் இருந்தன.

"வாங்க வசந்தாமணிக்கா, உங்களுக்குன்னே ஒரு பீஸ் எடுத்து வெச்சிருக்கேனுங்க."

"எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

"அதானுங்க தெரியல. நீங்க மொதல்ல பணத்தைக் கொடுங்க, தேடிப் பாத்துக்கலாம்."

டம்ளரை வாங்கக் கை இல்லாத இடத்தில் டீயை எங்கே ஊற்றுவது? அவள் நடையைக் கட்டினாள். தெருமுனை வரைக்கும் குரல் கூடவே வந்து, எழுபத்தைந்து, எண்பது என்று சொல்லிக்கொண்டே தேய்ந்து நின்றது.

இரண்டாவது கடையில் முப்பத்தைந்து. ஆனால் பார்த்தால் எல்லாம் இருந்தது! சுவர் நாலும் இருந்தது, கூரை இருந்தது, சாமி படம், ஊதுபத்தி, முதலாளி தினகருக்கு இரண்டு காது, பத்து விரல். வசந்தாமணி விரல்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். டீயை ஊற்றிக் கொடுத்தாள். தினகர் ஒரே மடக்கில் குடித்தார். தரை காய்ந்தே கிடந்தது.

"அக்கா, திருப்தீங்களா?" என்று சிரித்தார். பல்லும் முப்பத்திரண்டு.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையைத் திறந்துவிட்டாள். கேமராவை மேசைமேல் வைத்த தினகர், பேட்டரி தனிங்க என்றார். சரி என்றாள். முன்னால் இருக்கிற கண்ணாடி தனிங்க. அதுவும் சரி. செவப்புக் கலர் தனிங்க, கூரைப்புடவை எடுக்கோணும்னா அது வேணுமில்லீங்களா? வேண்டும்தான். தலையாட்டிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் அவள் கண்ணில் பட்டது. ஆடி இருபத்தெட்டு, ஒரே ஒரு தாள். அதற்குப் பின்னால் அட்டைதான்.

"ஏனுங்க, நாளைக்கு என்ன கெழமைங்க?"

தினகருக்கு வேர்த்துவிட்டது. "நாளைக்கு தனியா வாங்கோணுங்கக்கா. ஸ்டாக் இல்ல. வந்ததும் போன் பண்றேன்."

எல்லாவற்றையும் இன்றைக்கு நிறுத்திவைத்து, நாளையிலிருந்து முப்பத்தைந்து சதவீதத்தைக் கழித்திருக்கிறான் மகராசன். ஆவணி ஆறாம் தேதி இந்தக் கேமராவில் என்ன இருக்கும்? மறுபடி காற்றுதான் இருக்கும். வசந்தாமணி பையை மூடி, டம்ளரைக் கழுவி வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மூன்றாவதாக நாச்சிமுத்து கடை. அங்கே தள்ளுபடியே கிடையாது. அதனால் எல்லாமே இருந்தது. தூசி, இரண்டு பல்லி, போன வருஷத்துக் காலண்டர், அடுத்த வருஷத்துக் காலண்டர், மூலையில் தூங்குகிற மச்சினன். நாச்சிமுத்து டீயைக் குடித்தார். டீ உள்ளேயே தங்கியது.

"சக்கரை பத்தலீங்க" என்றார்.

குறை சொல்வதற்குக்கூடக் குறையில்லாத மனுசன். அவளுக்கு அப்போதே நிச்சயமாகிவிட்டது.

கஷ்டம் அதற்கப்புறம்தான் வந்தது. நாச்சிமுத்து விலையைச் சொன்னார். வசந்தாமணி ஜென்மத்தில் பேரம் பேசாமல் எதையும் வாங்கியதில்லை. கோவிலில் அர்ச்சனைச் சீட்டுக்குக்கூடக் குறைத்துக் கேட்டவள். வாய் தன்னால் திறந்தது. "கொஞ்சம் பாத்து..." என்றதற்கே நாச்சிமுத்துவின் மீசையில் ஒரு ஓரம் மங்கியது. மூலையில் மச்சினன் திடுக்கிட்டு எழுந்து தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அம்மணி, யோசிச்சுப் பேசுங்க" என்றார் நாச்சிமுத்து மெதுவாக.

அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, கண்ணை மூடி, சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்தாள். பிரசவத்தில்கூட இந்தப் பாடு பட்டதில்லை. மீசை பழையபடி அடர்ந்தது.

முந்தானையை எடுத்ததும் அவளால் ஒன்றைமட்டும் அடக்க முடியவில்லை. "கொசுறு ஏதாச்சும் போடுவீங்களா? கீரை வாங்குனாக்கூட ஒரு கொத்துக் கருவேப்பிலை தர்றாங்களே!"

நாச்சிமுத்து நியாயம்தான் என்று யோசித்தார். கொசுறு கொடுப்பதில் எதுவும் கழியாது, கூடத்தான் செய்யும். மேசைக்கு அடியில் தலையை விட்டு ரொம்ப நேரம் துழாவினார். எதையோ எடுத்து ஊதித் தூசி தட்டிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார்.

"பிரிச்சுப் பாக்காதீங்க. தானா வரும்."

ஆவணி ஆறாம் தேதி மணிவிழா நன்றாக நடந்தது. கேமராவை மண்டபத்துத் தூணோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்கள். சாயந்திரம் வீட்டில் டி.வி.யில் போட்டார்கள். பழனியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

வசந்தாமணி இருந்தாள்! நரைத்த முடி, இரட்டை மோவாய், நடுவில் போட்ட தும்மல், எல்லாம் இருந்தது. சென்னியப்பன் குனிந்து ஒரு கழுத்தில், நிஜமான கழுத்தில், தாலி கட்டினார். "பாத்தீங்களா, நானு! நாந்தானுங்க!" என்று அவள் ஓவென்று அழுதாள். சென்னியப்பனும் மூக்கை உறிஞ்சினார்.

வீடியோவில் அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும் தலைகுனிந்து நின்றாள். இருபத்தொரு வயது இருக்கும். சிவப்புக் கூரைப்புடவை, தலை நிறைய மல்லிகை.

"அட, நம்ம கல்யாணத்துக்கு வராமப் போனவ" என்றார் சென்னியப்பன்.

"கொசுறுங்க" என்றாள் வசந்தாமணி.

வீடியோ முடிந்ததும் அந்தப் பெண் அடுப்படியிலிருந்து எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, எவ்வளவு கொறைச்சு வாங்குனீங்க?"

"கொறைக்கலை கண்ணு."

"அட கெரகமே! சொன்ன வெலைக்கா வாங்குனீங்க? நீங்களா?" என்று தலையிலடித்துக்கொண்டாள். ஃபிளாஸ்க்கை எடுத்தாள், மல்லிகையைச் சரி செய்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனாள். அந்த வயதில் வசந்தாமணியை யாராலும் தடுக்க முடிந்ததில்லை.

ஒரு மணி நேரத்தில் திரும்பிவந்து, மடியிலிருந்து பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "மூணு சதவீதந்தானுங்க முடிஞ்சுது. பாவம், அந்த மச்சினனுக்காக விட்டுட்டு வந்தேன்."

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். சென்னியப்பன் இருந்தார், வசந்தாமணி இருந்தாள், சின்னவள் இருந்தாள். நாதஸ்வரம் கேட்டது. பந்தியில் மோர்க்குழம்பும் இருந்தது. மண்டபத்து முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் ஆளில்லாமல் கிடக்க, அதன்மேல் பழனியம்மாளின் பட்டுப்புடவைக்குப் பொருத்தமான கைப்பை உட்கார்ந்து ஆசீர்வாத அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தது.

பழனியம்மாளின் உதடு துடித்தது. வசந்தாமணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழுவாத பழனி. முப்பத்து மூணு வருசத்துல பழகிரும்."

பிறகு இரண்டு வசந்தாமணிகளும் தோசை வார்க்க எழுந்து போனார்கள்.