சுருளியாண்டியின் குடுக்கை

ஏழாள் கசம் என்கிற ஆற்று மடுவில் மீன் குத்துகிறவர்களுக்கு மூன்று கட்டளைகள் உண்டு. யார் போட்டது என்று கேட்காதீர்கள், ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. சினை மீனைக் குத்தக் கூடாது. கோயில் படித்துறைக்குக் கூப்பிடு தூரத்தில் ஈட்டியோடு இறங்கக் கூடாது. மூன்றாவதுதான் பெரிய கட்டளை. தண்ணீருக்குள் போகிறவன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சுரைக்குடுக்கையைக் கட்டி, அதை மேலே மிதக்க விட வேண்டும். குடுக்கை மிதக்கிற பக்கம் இன்னொருவன் ஈட்டியை நீட்டவே கூடாது.

முல்லையாற்றைச் சித்திரையில் பார்த்தவனுக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மலைமேல் அணையை அடைத்ததும் ஆறு இளைத்துப்போகும். மீனெல்லாம் ஏழு ஆள் ஆழமுள்ள அந்தக் கசத்துக்கு வந்து சேரும். கரை நெடுக நாணல். மீன் குத்துகிறவன் ஒரு நாணல் தட்டையை வாயில் கவ்வி, நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலே விட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, முகத்தைக் கவிழ்த்தபடி பாறைப் பொந்தோரம் அசையாமல் கிடப்பான். அத்தனை நாணலுக்குள் ஒரு நாணல் நுனி எவன் கண்ணுக்குத் தெரியும்? குடுக்கை மிதந்தால்தான் கீழே ஆள் இருப்பது தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, சித்திரை மாதம். வீரபாண்டித் திருவிழாவுக்கு இன்னும் எட்டு நாள். உச்சி வெயிலில் சுருளியாண்டி ஆற்று மணலில் செத்துக் கிடந்தான். முதுகில் ஈட்டி இறங்கியிருந்தது. இறக்கியவன் வீரணன், சுருளியாண்டியின் தங்கை சந்தனம்மாளின் புருசன்.

சந்தனம்மாள் ஓடிவந்து பார்த்தாள். அண்ணன் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். பத்தடி தள்ளி, மருத மரத்தில், அவள் புருசனைக் கட்டிப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் ஓடி விழுவது? நடுவிலேயே நின்றாள்.

"மேல குடுக்கை இல்லய்யா," என்று வீரணன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "சத்தியமா இல்ல. நாலு பக்கமும் பாத்துட்டுத்தான் முங்குனேன். பொந்துக்குள்ள கருப்பா அசைஞ்சது. பெரிய வாளைன்னு நெனச்சுக் குத்திட்டேன். மச்சான்னு தெரியாதுய்யா!"

அவனேதான் சுருளியாண்டியை வெளியே இழுத்துப் போட்டான். அவனேதான் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டினான். அதையெல்லாம் யார் நினைத்துப் பார்த்தார்கள்? போன மாதம் நடந்ததைத்தான் எல்லாரும் நினைத்தார்கள். வீரணன் ஒரு சினை விராலைக் குத்திவிட்டான். சுருளியாண்டி கட்டளை விஷயத்தில் பெற்ற தாயையும் பார்க்க மாட்டான், மச்சினனையா பார்ப்பான்! ஊர் முன்னால் நிறுத்தி, வீரணனின் ஈட்டியைப் பிடுங்கி ஒரு மாதம் சாவடியில் போட வைத்தான். அந்த ஈட்டி திரும்பக் கைக்கு வந்து மூன்றாம் நாள், அதே ஈட்டி சுருளியாண்டியின் முதுகில். ஊர் வேறென்ன நினைக்கும், சொல்லுங்கள்?

நாட்டாமை அம்மாவாசி மணலிலேயே கூட்டம் போட்டார். உத்தமபாளையத்துக்கு ஆள் போயிருந்தது. மறுநாள் காலையில் போலீஸ் வரும். அதுவரை பிணத்தை நகர்த்தக் கூடாது. ஊர் ஒரே வாயாக என்ன சொல்கிறதோ அதைத்தான் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். குடுக்கை மிதந்தது என்று ஊர் சொன்னால் வீரணனுக்குத் தூக்கு. இல்லை என்று சொன்னால் கைப்பிசகு. அவ்வளவுதான் கணக்கு.

"சுருளியாண்டி குடுக்கை எங்க?" என்றார் நாட்டாமை.

ஆற்றில் தேடினார்கள், நாணலை விலக்கித் தேடினார்கள், கிடைக்கவில்லை. வீரணனின் குடுக்கை மட்டும் கயிற்றோடு கரையில் கிடந்தது.

"அறுத்து எங்கனயோ அமுக்கிட்டான்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

நாட்டாமை சுருளியாண்டியின் பெண்டாட்டி மாயக்காளைப் பார்த்தார். ஐந்து மாதக் கர்ப்பிணி. தலைவிரி கோலமாக மணலில் கிடந்தாள். "ஆத்தா, இந்த நேரத்துல கேக்குறது பாவந்தான். ஆனா கேட்டாகணும். உம் புருசன் போறப்பக் குடுக்கை கொண்டு போனானா?"

மாயக்காள் மணலை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். "கொண்டு போனாக! குடுக்கை இல்லாம என்னைக்கு எறங்கியிருக்காக? தோள்ல போட்டுக்கிட்டுத்தான் போனாக! பாவி குத்திட்டு அதையும் ஒளிச்சுப்புட்டானே!"

சந்தனம்மாள் சட்டென்று மாயக்காளைத் திரும்பிப் பார்த்தாள். ஏனென்றால் சுருளியாண்டியின் குடுக்கை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு அடுப்படியில், விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் காலையில் அவளுடைய விதைக்குடுக்கையை எலி கடித்து ஓட்டை போட்டுவிட்டது. கம்பு விதை தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் காட்டுக்குப் போயிருந்தான். மாயக்காள்தான் முளையில் மாட்டியிருந்த குடுக்கையைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தாள். "உங்கண்ணனுக்கு நாலு நாளாக் காதுல குத்து வலி, சந்தனம். இப்போதைக்கு ஆத்துல எறங்க மாட்டாக. வேற குடுக்கை பாத்துக்கிட்டு மெதுவாக் கொண்டா," என்றாள். சந்தனம்மாள் விதையைச் சாம்பலில் புரட்டி உள்ளே கொட்டி, வாயைச் சாணி வைத்து அடைத்து, விட்டத்தில் தொங்கவிட்டாள்.

அதைத்தான் மாயக்காள் இப்போது தோளில் போட்டுக்கொண்டு போனாக என்கிறாள்!

அடி பாவி மதினி என்று அவளுக்குள் கொதித்தது. திரும்பி வீட்டுக்கு நடந்தாள். புருசனுக்குத் தூக்கு என்றதும் ஓடுகிறாள் பார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும்.

அடுப்படியில் குடுக்கையை இறக்கிக் கையில் பிடித்தாள். கழுத்தில் அண்ணன் போட்ட சூட்டுக் குறி, மூன்று கோடு. ஒவ்வொருத்தன் குடுக்கைக்கும் ஒவ்வொரு குறி. இதை அடுப்பில் வைத்துவிட்டால், அண்ணன் குடுக்கை இல்லாமல் இறங்கியது இவளால்தான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பெற்றவள் அவளைப் பெற்றவளாகவே இருப்பாள், பிறந்த வீடு பிறந்த வீடாகவே இருக்கும். புருசன் மட்டும் இருக்க மாட்டான். அவள் அடுப்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தாள், அதைப் பொய் சொல்வானேன். பிறகு முந்தானையில் குடுக்கையைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள். நடக்கும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மதினிதான் குடுத்துச்சு. மதினி கையால குடுத்துச்சு.

குடுக்கையைக் கொண்டுபோய் நாட்டாமை முன்னால் வைத்தாள்.

"எங்க வீட்டுல இருந்துச்சு மாமா. நேத்துக் காலையில இருந்து அங்கனதான் இருக்கு. விதை போட்டு வச்சிருக்கேன்."

"புருசனக் காப்பாத்த இப்பக் கொண்டாந்து நீட்டுறியா?" என்று ஒருவன் துள்ளினான். நாட்டாமை கையமர்த்தினார். குறியைத் தடவிப் பார்த்தார். வாயை அடைத்த சாணியைச் சுரண்டினார். காய்ந்து வெடித்து, பெயர்ந்து வந்தது. உள்ளே கையை விட்டார். கம்பும் சாம்பலும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"சாணி ஒரு நாள் காஞ்சிருக்கு. இன்னிக்கு அடைச்சதில்ல," என்றார். "இது தண்ணிக்குப் போகவே இல்ல. வீரணன் சொன்னது நெசம்."

வீரணன் மரத்தோடு சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நாட்டாமை இன்னும் முடிக்கவில்லை. மாயக்காள் பக்கம் திரும்பினார். "நீ என்னமோ தோள்ல போட்டுக்கிட்டுப் போனான்னியே ஆத்தா?"

மாயக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். 

நாட்டாமை சந்தனம்மாளைப் பார்த்தார். "ஒரே கேள்வி. யோசிச்சுச் சொல்லு. இத நீ கேட்டு எடுத்தியா, கேக்காம எடுத்தியா?"

அந்த ஊரில் இது சின்னக் கேள்வி இல்லை. மீன் குத்துகிறவனின் குடுக்கையை எடுப்பது அவன் உயிரை எடுப்பதற்குச் சமம். கேட்காமல் எடுத்தால் எடுத்தவள் குற்றம். கொடுத்தால் கொடுத்தவள் குற்றம்.

சந்தனம்மாள் மாயக்காளைப் பார்த்தாள். நாக்கு நுனியில் வார்த்தை தயாராக இருந்தது. மாயக்காளுக்குப் பக்கத்திலேயே மொக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். சுருளியாண்டியையும் சந்தனம்மாளையும் பெற்றவள், கோபம் வந்தால் ஈவு இரக்கம் தெரியாதவள். கொடுத்தவள் மருமகள்தான் என்று தெரிந்தால் இந்த நிமிடமே முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் விடுவாள். மாயக்காளுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவள் சந்தனம்மாளையே பார்த்தாள். அந்த வயிற்றுக்குள் இருப்பது அண்ணன் பிள்ளை. அண்ணனில் இனி மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

"கேக்காம எடுத்தேன்," என்றாள் சந்தனம்மாள். "ஆளில்லாதப்ப எடுத்துட்டு வந்துட்டேன். மதினிக்கே தெரியாது. எப்பவும் கொண்டு போவாகளேன்னு அது சொல்லியிருக்கும்."

நாட்டாமை குடுக்கையைக் கீழே வைத்தார். பிறகு வீரணனை அவிழ்த்துவிடச் சொன்னார். ஊர் போலீசிடம் கைப்பிசகு என்றே சொல்லும் என்றார். சந்தனம்மாளுக்கும் ஒன்று சொன்னார். இனிப் பிறந்த வீட்டு நல்லதுக்கும் பொல்லாததுக்கும் அவள் வாசல் மிதிக்கக் கூடாது.

"ஆத்தா..." என்று சந்தனம்மாள் மொக்கம்மாளின் காலடியில் போய் விழுந்தாள்.

மொக்கம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். "யாரு இவ? என் வகுத்துல பொறந்தது ஒண்ணே ஒண்ணுதான். அது இந்தா மணல்ல கெடக்கு."

அண்ணனின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். அதற்கும் விடவில்லை.

"குடுக்கை அவன் வீட்டுச் சொத்து. விதையக் கொட்டிட்டுக் குடுத்துரு," என்றார் நாட்டாமை. வாங்கிக்கொள்ள மாயக்காள்தான் எழுந்து வந்தாள். சந்தனம்மாள் மடியை ஏந்தினாள். மாயக்காள் குடுக்கையைக் கவிழ்த்தாள். கம்பு சரசரவென்று கொட்டியது. இரண்டு தலையும் குனிந்திருந்தன.

"வாய்க்கு ஒண்ணும் ருசிக்கலன்னு விராலு மீனு கேட்டேன்டி," என்று மாயக்காள் உதடு அசையாமல் சொன்னாள். "குடுக்கை எங்கன்னு உங்கண்ணன் கேட்டாக. சந்தனம் கொண்டு போயிட்டா, ஒரு முங்குதான, போயிட்டு வாங்கன்னேன். நாந்தான்டி அனுப்புனேன். ஏன்டி சொல்லல?"

"பிள்ளையப் பாத்துக்க மதினி," என்றாள் சந்தனம்மாள்.

வீரணன் அவள் பின்னால் வீட்டுக்கு நடந்தான். வாசலுக்கு வந்ததும் தன் வலது கையைப் பார்த்தான். "குத்துனது நானு," என்றான். "உன் தலையில ஏன்டி விழுந்துச்சு?"  அவனுக்கும் அவள் உண்மையைச் சொல்லவில்லை, கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சொன்னால் குடித்துவிட்டு ஒரு நாள் தெருவில் நின்று கத்திவிடுவான் என்று அவளுக்குப் பயம். அவன் அதற்குப் பிறகு கசத்துப் பக்கமே போகவில்லை. மீன் வாசனை பட்டாலே எழுந்து வெளியே போய்விடுவான்.

ஆவணியில் மாயக்காளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் பிள்ளைக்குச் சேனை வைக்க வேண்டியவள் அத்தை. வெல்லத்தைக் கரைத்து விரலில் தொட்டு நாக்கில் வைக்கும் அந்த ஒரு காரியத்துக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை. யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரி வைத்தாளாம். அன்று சந்தனம்மாள் அடுப்பு மூட்டவில்லை.

நாலு வருடம் போனது. மாயக்காள் அந்த வீட்டிலேயே இருந்தாள், மாமியாருக்கு நல்ல மருமகளாக இருந்தாள். தெருவில் சந்தனம்மாளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முதலில் பயத்தில்தான் திருப்பியிருப்பாள். பிறகு அதுவே பழகிவிட்டது.

ஒரு நாள் காலையில் படித்துறையில் சந்தனம்மாள் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். மேல்படியில் மாயக்காள் குழந்தையோடு வந்து நின்றாள். பக்கத்தில் மொக்கம்மாளும் இருந்தாள். குழந்தைக்கு அண்ணனின் அதே அகன்ற நெற்றி, அதே சுழி. சந்தனம்மாளை அறியாமல் கை நீண்டுவிட்டது. குழந்தை சிரித்துக்கொண்டு ஒரு படி இறங்கியது.

மாயக்காள் வெடுக்கென்று அதன் கையைப் பிடித்து இழுத்தாள். மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவகிட்டப் போகாத. அவதான் உங்கப்பனத் தின்னவ."

"ஏன்மா தின்னுச்சு?" என்றது குழந்தை.

 சந்தனம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக இருவர் கண்ணும் சந்தித்தன. மாயக்காளின் கண்ணில் பயம் இருக்கும், இல்லாவிட்டால் கெஞ்சலாவது இருக்கும் என்று சந்தனம்மாள் எதிர்பார்த்தாள். இரண்டும் இல்லை. சுத்தமான கோபம் மட்டும்தான் இருந்தது. தான் சொல்வதை மாயக்காள் எப்போதோ நம்பிவிட்டாள்.

சந்தனம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு வழிவிட்டு, ஓரமாகப் படியேறிப் போனாள்.