பிசிறுக்கு யார் பெயர்?

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. அதை மறைப்பானேன்?

பியானோவில் எல்லாச் சுரங்களும் ஒன்றோடொன்று சுத்தமாகச் சேராது. எங்கேயாவது கொஞ்சம் பிசிறு மிஞ்சும். அதை எந்தச் சுரத்துக்கு எவ்வளவு பங்கு வைப்பது என்பதில் ஆளுக்கொரு முறை. முதலில் எழுதிவைத்தவர் பெயரே அந்த முறைக்குப் பெயர். இப்பெயர்களைத் தொகுக்கும் சங்கம், மூன்று தலைமுறையாகச் சுருதி சேர்க்கும் எங்கள் வீட்டு முறைக்கும் பெயர் கேட்டு அந்தப் படிவத்தை அனுப்பியிருந்தது.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்த ஒரு மாலையில், மறைந்த என் தந்தை பென்சிலை எடுத்து..."

தொழிலை இப்போது நடத்தும் என் தங்கை படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பாவா? பென்சிலா? கடைச்சீட்டே நம்மளத்தானே எழுதச் சொல்வாரு அண்ணா."

(இதை அடித்துவிடலாம். ஆனால் அடித்தால் அவள் கோபித்துக்கொள்வாள்.)

இரண்டாம் தொடக்கம்: "எங்கள் வம்சத்தின்..." வேண்டாம்.

3

சுருதி சேர்ப்பவர்கள் பியானோவின் முதல் கட்டையைக் கழற்றி, பக்கவாட்டில் தாங்கள் செய்த வேலையைக் குறித்துவைப்பார்கள். தங்கை எங்கள் வீட்டுப் பியானோவின் கட்டையை என் மேசையில் வைத்தாள். பன்னிரண்டு சுரங்களுக்கும் பங்கு, வரிசையாக. கையெழுத்து, என் தம்பியை விட்டுப் பிரிந்துபோன அவன் மனைவியுடையது.

ஒன்பது வருடமாக அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. உத்தரவு என்னுடையது.

[அடிக்குறிப்பு: அவள் மருமகளாக வந்த பிறகுதான் அப்பா சுருதி சேர்த்த பியானோக்களை நாலு பேர் மெச்சினார்கள். கவனித்திருக்க வேண்டும்.]

4

தொலைபேசியில் அழைத்தேன். (கதாசிரியன் பாத்திரத்திடம் போய் நிற்பது கௌரவக் குறைச்சல்தான்.)

"சொல்லுங்க அத்தான். என் நம்பர இன்னுமா வச்சிருக்கீங்க?"

படிவத்தையும் கட்டையையும் பற்றிச் சொன்னேன்.

"உங்க வீட்டுப் பேரையே போடுங்க, எனக்கென்ன. ஆனா ஒரு எடத்துல ரெண்டு சுரம் சேந்தா, மிஞ்சின பிசிறெல்லாம் கூடி நாய் ஊளையிடற மாதிரி இருக்குமே, யாராவது கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"அத ஏம்மா அங்க வச்ச?"

"மாமாவுக்கு முழுசா வாசிக்கத் தெரிஞ்சது ஒரே பாட்டு. அதுல அந்த ரெண்டு சுரமும் சேந்து வராது."

அடுத்து நான் என்ன செய்தேன் என்றால்

5

படிவத்தை எடுத்து மேசையில் விரித்தேன்.

முடிவு இரண்டு எழுதிவைத்திருக்கிறேன்; ஒன்றில் அப்பா பெயர், மற்றதில் அவள் பெயர். படிவத்தில் கட்டம் ஒன்றுதான். நாளைய தபாலில் போயாக வேண்டும். வாசகரே, நீங்களே நிரப்புங்கள். அப்பா பெயரைப் போடுவதானால், அந்த ஊளைக்கு ஒரு காரணத்தையும் நீங்களே கட்டிவிடுங்கள். பொய் சொல்லிப் பழகிய குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.