பாலம் நல்ல நிலையில் உள்ளது

அக்டோபர் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு, நானும் என் கணவரும் மேல் அருவிக்குக் கீழே ஆற்றோரத்தில் உள்ள இலவச முகாமில் இருந்தோம். எங்கள் வழிகாட்டி நூலின் மூன்றாம் பதிப்புக்காக வீட்டை விட்டுப் புறப்பட்டு அன்றோடு ஒன்பது நாள். அருவிகள், கோட்டைகள், காவல் கோபுரங்கள், கட்டணமின்றிக் கூடாரம் அடிக்கக்கூடிய இடங்கள் என நாற்பத்தோரு இடங்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. முப்பத்து மூன்று முடிந்திருந்தன.

அவர் ஓய்வு பெற்ற நில அளவையர். ஆகையால் அருவிகள் அவர் பொறுப்பு. நான் அச்சகத்தில் முப்பதாண்டு பிழை திருத்தியவள். கட்டடங்களும் முகாம்களும் எனக்கு. எங்களில் ஒருவராவது அந்தந்தப் பதிப்புக்கென நேரில் சென்று பாராத எதையும் எழுதுவதில்லை என்று முன்னுரையிலேயே அச்சிட்டிருக்கிறோம்.

முகாமைப் பற்றிய குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன்: பன்னிரண்டு கூடாரங்களுக்குச் சமதளம், குழாய் ஒன்று, கழிப்பறை இரண்டு, அவற்றுள் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டதும் முகாம் காவலர் அலுத்துக்கொண்டார். ஆறு மாதமாக எழுதிக் கேட்டும் ஒன்றும் நடக்கவில்லையாம். பாலம் போனதையே கேட்க நாதியில்லை, இதில் தாழ்ப்பாளா என்றார்.

"எந்தப் பாலம்?"

"அருவிக்குப் போற பாலம்தாம்மா. போன மழையில அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. ரெண்டு பக்கமும் கம்பி மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது. இப்போ பாறையைச் சுத்தித்தான் போகணும்."

முந்தின நாள் பிற்பகல் என் கணவர் மேலே சென்று இரண்டு மணி நேரம் கழித்து, ஈரத் துண்டோடு திரும்பியிருந்தார். அவர் தந்த குறிப்பு என் பையில் இருந்தது. 'படிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. தொங்குபாலம் நல்ல நிலையில் உள்ளது. மழையிலும் கடக்கலாம்.' இரண்டாம் பதிப்பை எடுத்து ஒப்பிட்டேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

அவர் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தார். என் கையில் நூலையும் தாளையும் கண்டதும் மடிப்பதை விட்டுவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"எழுபது படி ஏறினேன். அதுக்கு மேல முட்டி மடங்கல."

"இந்த மாதிரி எத்தனை இடம்?"

"நாலு."

துண்டை ஆற்றில் நனைத்துக்கொண்டு வந்ததையும் அவராகவே சொன்னார். நான் கோபப்படவில்லை, கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். நம் எழுத்தை நம்பி எவரேனும் பிள்ளைகளை முன்னால் விட்டுக்கொண்டு மழையில் அங்கே போயிருப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"தெரியும். ஆனா கால் போச்சுன்னு சொன்னா நீ புத்தகத்தையே மூட்டை கட்டிடுவே. அப்புறம் ரெண்டு பேரும் வீட்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். நீ என் பேச்சுல பிழை திருத்துவே."

"இப்பவும்தான் திருத்துறேன்."

"வெளியில திருத்தினா கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு டீச்சரம்மா."

நான் ஆசிரியையாக ஒருநாளும் இருந்ததில்லை. அதை மறுக்கவும் அலுப்பாக இருந்தது. கைத்தடியை எடுத்துக்கொண்டு படி ஏறினேன்.

படிகள் முந்நூற்றொன்பதே இருந்தன. மூன்றைப் பாலத்தோடு வெள்ளம் கொண்டுபோயிருந்தது. காவலர் சொன்னபடியே கம்பிகள் வெறுமையில் நீட்டிக்கொண்டிருந்தன. பாறையைச் சுற்றிய தடம் ஓரடி அகலம். சில இடங்களில் உட்கார்ந்து நகர வேண்டியிருந்தது. அருவியில் தண்ணீர் குறைவு. அதன் முன் கால் மணி நேரம் நின்றேன். மூச்சு வாங்கியதே காரணம்.

இறங்கி வருகையில் அவர் எழுபதாம் படியில் தண்ணீர்ப் புட்டியோடு உட்கார்ந்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். தண்ணீர் குறைவு என்றேன். அவர் குறிப்பேட்டைத் திறந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கண்டதைக் கண்டபடி சொல்ல, எழுதிக்கொண்டார்.

அன்று பிற்பகல் இருவரும் தீர்மானித்தவை இவை. மேல் அருவி நூலில் இருக்கும். பாலம் இல்லை என்பது அதன் முதல் வாக்கியமாக வரும். இரண்டாம் பதிப்பின் பிரதிகள் விற்பனையில் இருந்தால் அவற்றைத் திரும்பப் பெறும்படி பதிப்பாளருக்கு அன்றே எழுதுவோம். அவர் ஏறாத மற்ற மூன்று அருவிகளுக்கு என்னாலும் ஏற இயலாது. ஆகவே அவை நீக்கப்படும். அட்டையிலிருந்து தம் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அதற்கு நான் இசையவில்லை. எஞ்சிய எட்டு இடங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவோம். நான்காம் பதிப்பு வராது.