நூல் கட்டிய நான்கு காய்கள்

1

இந்தக் கதை ஒரு விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்துக்காக எழுத ஆரம்பித்தது. என் தங்கை விதைக்கடை வைத்திருக்கிறாள். "கோடைப் பூசணி வகைங்களுக்கு நாலு வரி எழுதிக் குடுண்ணா, சும்மாதானே உக்காந்திருக்க" என்றாள். எழுத எழுத ஒவ்வொரு தாளாகப் பிடுங்கிப் படிக்கிறாள்.

பச்சை சுக்கினி: அவசரக்காரன். இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் முழங்கை நீளம். (நான் ஒரு வாரம் விட்டேன். வேலியைத் தள்ளிவிட்டு அதுவே என்னைத் தேடி வந்தது. — தங்கை அடித்துவிட்டாள்.)

மஞ்சள் கோணக்கழுத்து: யாரிடமோ கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட காய்.

வெள்ளைத் தட்டுக்காய்: ஓரமெல்லாம் சுருக்கு வைத்துத் தைத்த தட்டு. குடைந்து எதையும் அடைக்கலாம்.

எல்லாமே நகம் இறங்கும் பிஞ்சில் பறிக்கவேண்டியவை. தோல் சீவ வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்தால்

(இந்த வாக்கியம் வேண்டாம். கதைக்குப் போவோம்.)

2

கதைக்கு ஒரு குற்றவாளி வேண்டும். தங்கையின் கணவர் அருகில் இருந்தார், அவரையே போட்டுவிட்டேன்.

முப்பது வருடமாக விதை எடுப்பவர் மாப்பிள்ளை. தேனீ எல்லா வீட்டிலும் நுழைந்து மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதால், பெண் பூ விரிவதற்கு முன்பே அதன் வாயை நூலால் கட்டுவார். மறுநாள் காலை அவிழ்த்து, அதே இனத்து ஆண் பூவைத் தொட்டுவைத்து, மறுபடி கட்டுவார். அந்தக் காயின் காம்பிலும் ஒரு நூல். நூல் இருந்தால் சுத்த விதை. போன வருடம் அவர் அதில் தவறிவிட்டார்.*

3

கல்யாணச் சமையல்காரர் கடைக்குள் வந்து மேசைமேல் ஒன்றை வைத்தார். மஞ்சள் நிறம், கோணல் கழுத்து, கீழே சுருக்குப் பாவாடை.

"அக்கா, அடுத்த வாரம் கல்யாணம். நூறு தட்டுக்காய் அடைச்சு வைக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். உங்ககிட்ட வாங்கின தட்டுக்காய் விதை, முப்பது கொடியும் இதான் காய்ச்சிருக்கு. இதுல எதை நான் குடையறது, கழுத்தையா, இடுப்பையா?"

தங்கை கணவர் பக்கம் திரும்பினாள். "நூல் கட்டினதுலதானே விதை எடுத்தீங்க?"

"என் கண்ணால பார்த்துதான் எடுத்தேன்."

"எந்தக் கண்ணால? ஆபரேஷன் பண்ணின கண்ணாலயா? போதும். நாளையிலேருந்து விதைப்பக்கம் வராதீங்க."

மாப்பிள்ளை விதை அளக்கும் கரண்டியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். அதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

4

முடிவு அ: பழியைத் தேனீயின்மேல் போடலாம். அது வந்து மறுக்காது.

முடிவு ஆ: சமையல்காரர் கழுத்தை வெட்டி எறிந்துவிட்டு இடுப்பை அடைக்கிறார், கல்யாணத்தில் எல்லோரும் செய்முறை கேட்கிறார்கள். இதைத்தான் மிகவும் விரும்பினேன். ஆனால் மாப்பிள்ளை வைத்த கரண்டி மேசைமேலேயே இருக்கிறது.

முடிவு இ: எழுதவில்லை. கீழே பொடி எழுத்தில் இருக்கிறது.

* மாப்பிள்ளைக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம் தோட்டம் என் பொறுப்பு. விடியற்காலையில் பூவின் வாயைக் கட்டுவதைவிடத் தூங்குவது எனக்கு நன்றாக வந்தது. அவர் திரும்பி வருவதற்கு முதல் நாள், கைக்கு எட்டிய நான்கு காய்களின் காம்பில் அழகாக நூல் கட்டிவைத்தேன்.

தங்கை விரல் வைத்துப் படிக்கிறவள். விரல் இப்போது 'அழகாக' என்ற சொல்லில் நிற்கிறது.

"அண்ணா" என்கிறாள். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

"மச்சான், அந்த நூலு நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே, அவள் தோளுக்கு மேல் எட்டிப் படித்த மாப்பிள்ளை கரண்டியை எடுக்கிறார். விதை அளக்கத்தான் எடுக்கிறார் என்று நீங்களே எழுதி முடித்துவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.