பரணிலிருந்து இரண்டு கட்டு

ஜொவிட்டாவுக்கு விடை தெரியும், நம்பிக்கைதான் இல்லை. ஒரே உயரத்திலிருந்து ஒரு பந்தைச் சும்மா கீழே விடுகிறோம், இன்னொன்றைக் கிடைமட்டமாக வீசுகிறோம். எது முதலில் தரையைத் தொடும்? இரண்டும் ஒன்றாகத்தான் என்று வகுப்புத் தேர்வில் எழுதியிருந்தாள். ஏன் என்று வைதேகி மேடம் கேட்டபோது, "புக்ல அப்படித்தான் போட்டிருக்கு மேடம்" என்றாள். ஆழ்வார்பேட்டை மாலை வகுப்பு மொத்தமும் சிரித்தது.

"வெள்ளிக்கிழமை போர்டுக்கு வந்து விளக்கு. விளக்கினா இன்டர்னல் மார்க். இல்லேன்னா இந்தத் தடவை பரீட்சை எழுத முடியாது."

எழுதாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அதற்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்து, படிப்புக்கு முழுக்குப் போட வைத்துவிடுவார்கள்.

வீசிய பந்து அதிக தூரம் போகிறதே, அதற்கு அதிக நேரம் வேண்டாமா? தி. நகரிலிருந்து வடபழனி போகும் பஸ்ஸும் தேனாம்பேட்டை போகும் பஸ்ஸும் ஒரே நேரத்திலா போய்ச் சேரும்? யோசிக்க யோசிக்க, விடைதான் தப்பென்று தோன்றியது.

அவள் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், பிளவுஸ் துணிக் கட்டுகள் பரணில் இருக்கும். கீழிருந்து நிறத்தைச் சொன்னால், மேலே இருக்கும் வெங்கடேஷ் கட்டை எடுத்து வாடிக்கையாளர்களின் தலைக்கு மேலாகக் கவுண்டருக்கு வீசுவான். வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்குமுன் அவனைப் பரணில் ஏற்றினாள்.

"இடது கையால ஒண்ண விடு, அதே நேரம் வலது கையால ஒண்ண வீசு. கவுண்டருக்கு வேணாம், தரையில விழட்டும். நான் கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை மட்டும் கேக்கறேன்." பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்று அவளுக்குப் பயம்.

"இன்னாக்கா, காலைலயே விளையாட்டு? அண்ணாச்சி பாத்தாருன்னா உன்னையும் சேத்து மூட்டை கட்டிடுவாரு."

தொப். சற்றுக் கழித்து இன்னொரு தொப். திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் இரண்டு சத்தம்.

"எதுடா பின்னாடி விழுது?"

"வீசினதுதான். புக்கைத் தூக்கி எடைக்குப் போடுக்கா."

மாலையில் போர்டுக்கு முன்னால் நின்றாள். "புக் தப்புன்னு சொல்ற அளவுக்கு நான் ஆள் இல்ல மேடம். ஆனா எனக்கு ரெண்டு சத்தம் கேட்டுச்சு" என்று நடந்ததைச் சொன்னாள்.

"உங்க கடையில புவியீர்ப்புக்கும் ஆடித் தள்ளுபடியா?" என்றான் ஷெல்டன் பின் பெஞ்சிலிருந்து.

"நீ சும்மா இரு. ஜொவிட்டா, கட்டு போற பாதையை வரை" என்றார் மேடம்.

பரணை வரைந்தாள், தரையை வரைந்தாள். பரண் விளிம்பில் சாக்பீஸை வைத்து, கடையில் தினமும் பார்க்கிற பாதையை இழுத்தாள். கை முதலில் கொஞ்சம் மேலே ஏறி, அப்புறம்தான் வளைந்து இறங்கியது. பாதியில் நின்றுவிட்டாள். காலையில் கடை காலி. ஆனால் வெங்கடேஷின் கைக்குப் பழகியது ஒரே வீச்சுதான், தலைகளைத் தாண்டுகிற வீச்சு. அவளோ கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அவன் கிடைமட்டமா வீசல. மேல தூக்கி வீசியிருக்கான்."

"அதனால?"

"மேல போற வேகம் தீர்ந்த பிறகுதானே கீழ வரும்? அதனாலதான் தாமதம்." சாக்பீஸை விரலில் உருட்டினாள். "கிடைமட்டமா வீசியிருந்தா ஆரம்பத்துல மேலயும் வேகம் இல்ல, கீழயும் வேகம் இல்ல. சும்மா விட்ட கட்டும் அப்படித்தான். ரெண்டையும் பூமி ஒரே மாதிரி இழுக்கும். பக்கவாட்டு வேகம் தூரத்தைத்தான் மாத்தும், விழற நேரத்தைத் தொடாது. நான்தான் தூரத்தையும் நேரத்தையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுட்டேன்."

"இன்னும் வேகமா, ஆனா கிடைமட்டமா வீசினா?"

"ரொம்பத் தள்ளிப் போய் விழும். ஆனா ஒரே சத்தம்தான்."

"போட்டுப் பாத்தியா?"

செய்து பார்க்காத எதையும் அவள் இதுவரை உறுதியாகச் சொன்னதில்லை. போர்டை ஒருமுறை பார்த்தாள்.

"பாக்கல மேடம். ஆனா தெரியும்."

மேடம் பேனாவை எடுத்து அவள் பெயருக்கு நேரே மார்க்கை எழுதினார்.