அரை நிமிஷ ஜெபம்

"சுவத்துக்கு யாரு மஞ்ச அடிச்சா?" என்று கேட்டார் தேவசிகாமணி.

கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்த மனைவி பாக்கியவதி அப்படியே நின்றுவிட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு அவளே சுண்ணாம்பு அடித்த சுவர். கார்த்திகை மழையில் அடிப்பக்கம் கொஞ்சம் ஊறியிருந்ததே தவிர மற்றபடி வெள்ளைவெளேரென்றுதான் இருந்தது.

"வெள்ளையாத்தானே இருக்கு."

"உன் சேலையும் மஞ்சளாத் தெரியுது. அந்தக் கஞ்சியக் கொண்டுபோ ஏட்டி. பாத்தாலே குமட்டுது."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணை மூடி, வாய்க்குள் 'எங்கள் பிதாவே' என்று பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினாள். உதடு ஜெபத்தைச் சொல்ல, இடது கை விரல்கள் துடிப்பை எண்ணின. ஆமென் சொல்லி முடித்தபோது கணக்கு முப்பத்து நாலு.

முப்பதுக்குமேல் இருந்தால் பயமில்லை. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஐயா சொன்ன சொல் அது. கரும்பச்சை மருந்தில் பத்துச் சொட்டு தண்ணீரில் விட்டு அவர் வாயில் ஊற்றினாள். அடுத்த நிமிஷமே அவர் அதை வாந்தியெடுத்தார்.

தேவசிகாமணி அந்த ஊர்ச் சபையின் உபதேசியார். சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றங்கரை வயல்களை ஒட்டி முப்பது வீடுகளும் ஒரு வேதக்கோயிலும்; அவ்வளவுதான் சபை. வயது நாற்பத்து மூன்று. ஆறு மாதத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான். அன்றிலிருந்து இருதயம் அவர் சொல்படி கேட்கவில்லை. நாலு துடிப்பு ஓட்டமாக ஓடும். ஒன்று காணாமல் போகும். பிறகு இரண்டு சேர்ந்து வந்து மோதும். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்தே தூங்கினார்.

முதலில் வைத்தியம் பார்த்தவர் பத்தமடை ஹக்கீம் காஜா முகைதீன். அவருக்கும் உபதேசியாருக்கும் பழைய சிநேகம். இரண்டு பேரும் சேர்ந்தால் வேதத்தையும் குர்ஆனையும் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை வாதாடுவார்கள். இரண்டு மாதம் லேகியம் கொடுத்துப் பார்த்துவிட்டு ஹக்கீம் கையை விரித்தார்.

"இது எனக்கு அடங்குத நாடி இல்ல வே. என் மருந்துதான் பெரிசுன்னு உம்மக் கொல்ல எனக்கு இஷ்டமில்ல. பாளையங்கோட்டைக்குப் போரும். வெள்ளக்கார டாக்டரு கொழாய வச்சுக் கேட்டுச் சொல்லுவாரு."

அந்த டாக்டர் கேட்டார். டிஜிடாலிஸ் என்ற சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ரயிலேறி வந்து பார்க்க, அவரிடம் கட்டுக்கட்டி மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் எலியேசர் ஏற்பாடானார்.

"உயிரக் காப்பாத்துத மருந்தும்மா இது," என்றார் எலியேசர் முதல் நாளே. "கூடிட்டா உயிர எடுக்குத மருந்தும் இதுதான். இருதயத்தப் பையப் பைய அடிக்க வைக்கும். ரொம்பப் பைய ஆயிட்டா நிறுத்திரணும். நாடிய எண்ணிட்டுத்தான் ஒவ்வொரு வேளையும் குடுக்கணும். வீட்டுல கடியாரம் இருக்கா?"

உபதேசியார் வீட்டில் ஏது கடிகாரம்? டிரெஸ்ஸர் கொஞ்ச நேரம் யோசித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி பரமண்டல ஜெபத்தை ஒரு தரம் சொல்லச் சொன்னார். பாக்கியவதி சொன்னாள். எலியேசர் தன் பைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி இரண்டு தரம் சொல்லச் சொன்னார். மூன்று தரமும் ஒரே மாதிரி, சரியாக அரை நிமிஷம்.

"இதுதான் உங்க கடியாரம். ஒரு ஜெபத்துக்கு எத்தன துடிப்புன்னு எண்ணுங்க. முப்பதுக்குக் கீழ போனா மருந்த நிறுத்திட்டு எனக்கு ஆள் அனுப்புங்க."

முதல் நாள் எண்ணியபோது எழுபது. பத்து நாளில் ஐம்பது. கால் வீக்கம் வடிந்தது. உபதேசியார் ஆற்றங்கரைவரை நடந்து போய் வந்தார். ஒவ்வொரு எண் இறங்கும்போதும் பாக்கியவதிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிற்று. நாற்பது. முப்பத்தெட்டு. முப்பத்தாறு. முப்பத்து நாலு. அதற்குக் கீழே போகவில்லை. ஆனால் சாப்பாடு போயிற்று. வாந்தி வந்தது. இப்போது சுவர் மஞ்சளாயிற்று. டிரெஸ்ஸரோ போன தவணைக்கு வரவில்லை. கங்கைகொண்டான் பக்கம் வாந்திபேதி என்று அங்கே அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் தம்பி யாரும் இல்லாத தேவசிகாமணிக்கு ஒரே ஒரு அக்காள், இன்பமணி. நாசரேத்திலிருந்து வந்து பத்து நாளாக இங்கேதான் இருந்தாள். அவள் கண்ணில் பட்டது வேறொன்று.

"அந்த ஹக்கீமு போன வாரம் ஒரு சாடி கொண்டாந்து குடுத்தாம்லா?"

"குல்கந்து மதினி. வாய்க்குக் கசக்குன்னாவ, அதுக்குத்தான்."

"ம். அன்னையிலேர்ந்துதான் இந்த வாந்தி."

பாக்கியவதி வாந்திச் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியான ரயிலுக்கு எலியேசர் வந்துவிட்டார். குடையை மடக்காமலே உள்ளே வந்து உபதேசியாரின் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் பார்வை கடிகாரத்தை விட்டு நகரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முகம் வெளிறிப்போயிற்று. எழுந்து பாக்கியவதியை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

"மருந்து எத்தன சொட்டு குடுத்திய?"

"பத்துத்தான் ஐயா. மூணு வேளையும்."

"வேற என்ன குடுத்திய? மறைக்காமச் சொல்லுங்க."

அவள் குல்கந்துச் சாடியை எடுத்து வைத்தாள். மோந்து பார்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "ரோசாப்பூவும் சீனியும். இது ஒண்ணும் செய்யாது. காலையில எத்தன எண்ணுனிய?"

"முப்பத்தி நாலு. முப்பதுக்குக் கீழ ஒரு நாளும் போகல ஐயா."

"நான் இப்ப முழு நிமிஷம் எண்ணுனேன். முப்பத்தெட்டுத்தான் இருக்கு. உங்க அரை நிமிஷத்துக்குப் பத்தொம்பது வரணும். எங்கன தப்புது?"

டிரெஸ்ஸர் அவளைக் கட்டிலருகே கூட்டிப் போனார். "வழக்கமா எண்ணுத மாதிரியே எண்ணுங்க. நான் பாக்கேன்."

உபதேசியார் அயர்ந்து கிடந்தார். பாக்கியவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பாதி ஜெபத்தில் உதடு நின்றது. விரல்கள் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தன. வெளியே மாடு ஒன்று கத்தி ஓய்ந்தது. பிறகுதான் உதடு மறுபடி அசையத் தொடங்கிற்று. ஆமென்.

"முப்பத்தி நாலு," என்றாள்.

எலியேசர் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். "அம்பத்தஞ்சு விநாடி ஆச்சும்மா."

"நான் என்னைக்கும் சொல்லுத மாதிரிதானே சொன்னேன்."

"நடுவுல நின்னுட்டிய."

"எங்கன?"

ஆண்டவர் சித்தப்படியே ஆகட்டும் என்று ஒப்புக்கொடுக்கிற வரிக்கு முன்னால், என்று சொன்னார் அவர்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி மளமளவென்று சொன்ன ஜெபம். அவர் நாடி விரலுக்கடியில் தடுக்கித் தடுக்கி ஓடியபோது, என்று முதல் அவள் நிஜமாகவே ஜெபம்பண்ணத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த வரியைச் சொன்னால் அவரைக் கையிலிருந்து விட்டுவிடுகிற மாதிரி. வேளைக்கு வேளை, நாளுக்கு நாள், அந்த வாசலில் நின்று தயங்கியிருக்கிறாள். அந்தத் தயக்கத்துக்குள்ளே துடிப்புகள் ஒவ்வொன்றாக வந்து கணக்கில் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு தரமும் கணக்குச் சரி என்று நினைத்துப் பத்துச் சொட்டு.

"அப்ப நாந்தான்…"

"பைய. அந்தம்மா காதுல விழப்போவுது," என்றார் எலியேசர். "மருந்த இந்த நிமிஷமே நிறுத்துதோம். ஆனா உள்ள போனது இறங்க ஒரு வாரம் ஆவும். அதுவரைக்கும் அவுகள எந்திரிக்க விடாதிய. எந்திரிச்சு நிக்கப்படாது, கோவப்படப்படாது. இருதயம் இப்ப நூல்ல தொங்குது. இந்த எண்ணிக்க விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா ஆயுசுக்கும் உங்கள வச்சுப் பேசுவாக. சொட்டு மருந்தயும் ஒருத்தரும் தொடமாட்டாக."

"மதினி கேட்டா என்ன சொல்ல?"

"மருந்து ஒத்துக்கலன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னாள். இன்பமணி புருவத்தை நெரித்தாள்.

"எந்த மருந்து? பாளையங்கோட்டை மருந்து மூணு மாசமா ஒத்துக்கிச்சே. இப்ப மட்டும் ஒத்துக்காமப் போச்சோ? நான் சொன்னேம்லா. அந்தச் சாடிதான்."

ஒரு வார்த்தை போதும், இல்லை என்று. பாக்கியவதியின் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே இன்பமணி சாடியைக் கொண்டுபோய்ச் சாணிக்குழியில் உடைத்தாள். தெரு பூராவும் விஷயம் போயிற்று. உபதேசியாருக்கு ஹக்கீம் மருந்து வைத்துவிட்டானாம். வாதத்தில் ஜெயிக்க முடியாமல் செய்துவிட்டானாம். பாக்கியவதி கிணற்றடியில் நின்று இதையெல்லாம் கேட்டாள். தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

புதன், வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் தேவசிகாமணி கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். அது வயிற்றில் நின்றது. "சுவரு கொஞ்சம் வெளுத்திருக்கு," என்றார். பாக்கியவதி அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்து அழுதுவிட்டு வந்தாள். அவர் மணிக்கட்டைத் தொட மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை. அவர் கையை நீட்டினார்; போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள்.

"எண்ணலியா?"

"மருந்துதான் இல்லியே. எதுக்கு எண்ணணும்?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மழை விட்டிருந்தது. தெருவில் சத்தம் கேட்டது. பாக்கியவதி எட்டிப் பார்த்தாள். வேலிப் படலுக்கு வெளியே ஹக்கீம் காஜா முகைதீன் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் வயல் சேறு. படலுக்கு உள்ளே, வழியை மறித்துக்கொண்டு இன்பமணி.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்கன வாரீரு? செத்தானா இல்லியான்னு பாக்கவா?"

"தாயி, என்ன பேசுதிய? உடம்புக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன். ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருதேன்."

"நீரு பாத்ததெல்லாம் போதும்."

கோயில் பக்கமிருந்து நாலைந்து ஆம்பிளைகள் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் ஹக்கீமின் தோளைப் பிடித்தான். "சாடியில என்னவே போட்டுக் குடுத்தீரு? சொல்லும்வே."

"ரோசாப்பூ. வேற என்ன? எம்மேல சந்தேகம்னா கொண்டாங்க, இந்தா இங்கனயே பூராவும் திங்கேன்."

"அதான் ஒடச்சாச்சே. தைரியமாத்தான் சொல்லுவீரு."

யாரோ சிரித்தார்கள். பிடித்திருந்தவன் ஹக்கீமைத் தள்ளினான். கிழவர் சேற்றில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். தலைப்பாகை அவிழ்ந்து தொங்கியது.

பாக்கியவதியின் முதுகுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

திரும்பினாள். தேவசிகாமணி எழுந்து நின்றுகொண்டிருந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்.

"எந்திரிக்காதிய. உங்க கால்ல விழுதேன், படுங்க."

அவளைப் பிடித்து ஒதுக்கினார். இத்தனை நாள் கிடந்த உடம்பில் எங்கிருந்து அந்த வலு வந்ததோ. வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். உதடு நீலமாக இருந்தது.

"அக்கா, அவர உள்ள விடு," என்றார். சத்தம் வெளியே எட்டவில்லை.

பாக்கியவதி அவரைத் தாண்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். படலுக்கும் மதினிக்கும் நடுவே போய் நின்றாள்.

"ஹக்கீமு ஒண்ணும் செய்யல. அது ரோசாப்பூதான், டிரெஸ்ஸர் ஐயா நாக்குல வச்சே பாத்தாரு. நாடி எண்ணுனது நானு. தப்பா எண்ணி மருந்தக் கூட்டிக் குடுத்தது நானு. செவ்வாய்க்கெழமையே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

ஹக்கீமின் தோளைத் தள்ளினவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். இன்பமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் கண் பாக்கியவதியைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று, அங்கேயே நின்றது.

பாக்கியவதி திரும்பிப் பார்த்தபோது நிலைக்குக் கீழே அவர் மடங்கி உட்கார்ந்திருந்தார். தலை தோளில் சாய்ந்திருந்தது. அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததா, அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை. இனி ஒரு நாளும் தெரியப்போவதில்லை.

முதலில் ஓடியது ஹக்கீம்தான். சேற்றுக் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டு உபதேசியாரின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். இந்தக் கை, அந்தக் கை, பிறகு கழுத்தடி. தலையைக் குனிந்தபடியே அவர் இமைகளை மூடிவிட்டார். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

"ஈரத் தரையில கிடக்காரு," என்றார் கடைசியில், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். "தாயி, உள்ளேயிருந்து ஒரு பாயி கொண்டாங்க."

இன்பமணி உள்ளே ஓடினாள்.