பக்கத்து ரூம் அக்கா

நான் கூப்பிட்டால் என் வீட்டுக்காரர் வரவேண்டும். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நான் கேட்டது இது ஒன்றுதான். உடனே வந்து நிற்கச் சொல்லவில்லை. மூன்றாவது தடவைக்குள் வந்தால் போதும். அதற்கே மனிதருக்கு உடம்பு வணங்காது. "இதோ வந்துட்டேன்" என்பார். அந்த "இதோ" எந்த ஊரில் இருந்து கிளம்புமோ, வந்து சேரவே சேராது.

எங்களுடையது இரண்டு அறை வீடு. ஒன்றில் என் தையல் மெஷின். ஜன்னலுக்கும் கதவுக்கும் திரை தைத்துக் கொடுக்கிறேன். அடுத்த அறை அவருடையது. மின்சாதனக் கடையில் விற்பனையாளராக இருந்தவர், கடையை மூடியதும் வீட்டிலிருந்தே லைவ் வீடியோ போட ஆரம்பித்தார். ஆன்லைனில் சோப்பு, பொம்மை, பொத்தான் என்று சின்னதாக வியாபாரம் செய்கிறவர்களுக்கு யோசனை சொல்கிற வீடியோ. தினமும் காலை பத்து மணிக்கு, அட்டைப் பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் போனைக் கண் உயரத்துக்கு நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ உட்கார்ந்துவிடுவார்.

"முதல் ஏழு நொடியில ஆளைப் பிடிச்சுடணும். பொருளை விக்காதீங்க, கதையைச் சொல்லுங்க. தப்பு பண்ணினா மறைக்காதீங்க, அதையே சொல்லுங்க. கமெண்ட் போடுறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க." சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கே எல்லாம் மனப்பாடம். வேண்டுமானால் நானே வகுப்பு எடுப்பேன். பேர் சொல்லிக் கூப்பிடுவதாம்! என்னை "ஏய்" என்று கூப்பிடுகிற ஆள்.

ஆரம்பத்தில் பதினாலு பேர் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் அவருடைய தங்கையும் தங்கை மாப்பிள்ளையும். பாவம் மனிதர் ஈ ஓட்டுகிறாரே என்று எனக்கே மனசு அடித்துக்கொண்டது. பிறகு திடீரென்று நூறு, முந்நூறு என்று ஏறியது. பயிற்சி வகுப்புக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். பரவாயில்லையே, பேச்சில் விஷயம் இருக்கிறது போல என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

ஜன்னல் அளவு கொடுக்க வந்த ஒரு பெண்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். நான் உள்ளே திரும்பி, "என்னங்க, டேப் எங்க வச்சீங்க?" என்று ஒரு குரல் கொடுத்தேன். அவ்வளவுதான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அய்யோ, நீங்கதான் பக்கத்து ரூம் அக்காவா?"

"யாரு?"

"சார் போடுற லைவ்ல உள்ள இருந்து கத்துவீங்களே! நாங்க எல்லாரும் அதுக்காகத்தான் பார்க்கிறதே. எங்க வீட்டுக்காரர் உங்களை மாதிரியே பேசிக் காட்டுவார்."

அவள் போனதும் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் இருந்தேன். ஈரத் துண்டை வெட்டி வைத்த துணி மேல் போட்டதற்குக் கத்துகிறேன். குழாயை மூடாமல் போனதற்குக் கத்துகிறேன். "இங்க வாங்க! வர்றீங்களா இல்லையா?" என்று கத்துகிறேன். திரையில் சிரிப்பும் இதயமும் பொங்குகின்றன. அதுகூடப் போகட்டும். ஒரு வீடியோவில் பத்தே கால் மணிக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருங்க. இன்னைக்கு ஈரத் துண்டு" என்கிறார். தினமும் நான் துணியைக் கையில் எடுக்கிற நேரம் அது. சரியாக இரண்டாவது நிமிஷம் நான் கத்துகிறேன்.

பதினேழு வருஷமாகத் துண்டை அங்கேதான் போடுகிறார், மறதி என்று நினைத்துத்தான் திட்டுகிறேன். இந்த நாலு மாதமாக அது மறதி இல்லை. நான் நிஜமாகக் கோபப்பட்டேன், அவர் அதற்கு நேரம் குறித்து வைத்திருக்கிறார்.

அன்றைக்கு வீடு இரண்டுபட்டது. அவர் ஒரு மூலையில் நின்று, "ஜனங்களுக்கு நிஜமான மனுஷங்க வேணும்டி. உன்னை எவ்வளவு பேருக்குப் பிடிச்சிருக்கு தெரியுமா?" என்றார்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா? நான் கூப்பிட்டா வர்றது வேணாம்னு ஆயிடுச்சு இல்ல? வந்துட்டா ஷோ முடிஞ்சிடும்!"

இனிமேல் துண்டு கிடையாது, குழாய் கிடையாது, கூப்பிட்டால் வருவேன் என்று சத்தியம் செய்தார். நானும் ஒரு முடிவு எடுத்தேன். பத்திலிருந்து பதினொன்று வரை என் வாயிலிருந்து ஒரு சத்தம் வராது.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. சொல்வதற்கு எளிது. கோபத்தை விழுங்கினால் அது கால் வழியாக வந்துவிடும் போல, மெஷின் மிதியைப் போட்டு மிதித்தேன். தையல் கோணிக்கொண்டு போனது. போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்து அவர் லைவையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆள் வாக்கைக் காப்பாற்றுகிறாரா என்று. அதில் ஒரு வேடிக்கை உண்டு. லைவ் என்றுதான் பெயர், வந்து சேர இருபது நொடி ஆகும். சுவருக்கு அப்பால் அவர் தும்முவார். நான் ஒரு மடிப்பைத் தைத்து முடித்த பிறகு போனில் தும்முவார்.

அவரும் நிலைகொள்ளாமல்தான் இருந்தார். "அக்கா எங்கே?" "அக்கா ஊர்ல இல்லையா?" என்று கமெண்ட் வந்துகொண்டே இருந்தது. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கியது. பேச்சின் நடுவே அவர் கண் கதவுப் பக்கம் ஓடும். எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

பத்தாவது நாள் அவர் கதவைப் பார்த்த அந்தப் பார்வையை நான் போனில் பார்த்தேன். கை பாட்டுக்குத் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தது. கனத்த திரைத்துணி, மடித்த ஓரம். மெஷின் ஒரு முக்கு முக்கியது. ஊசி இடது கை ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டது.

ஒரு கணம் வலியே இல்லை. என் விரலையும் துணியையும் சேர்த்து யாரோ தைத்து வைத்திருப்பதைப் பார்த்தேன். பிறகு வந்தது பாருங்கள் வலி! வலது கையால் சக்கரத்தைத் திருப்பினேன். அசையவில்லை. ஊசி வளைந்து கீழ்த்தகட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. ஊசியைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்ற வேண்டும். திருப்புளி ஜன்னலோரம், போனுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது.

"என்னங்க! இங்க வாங்க!"

சுவருக்கு அப்பால் பேச்சு நின்றது. வருகிறார் என்று நினைத்தேன். வரவில்லை.

"சீக்கிரம் வாங்க! வர்றீங்களா இல்லையா?"

வேறு என்ன சொல்ல முடியும்? அந்த நேரத்தில் புதுசாக ஒரு வசனம் யோசிக்கவா முடியும்? எப்போதும் வருகிற அதே வார்த்தைகள்தான் வந்தன. ரத்தம் வெள்ளைத் துணியில் பரவியது. பல்லைக் கடித்துக்கொண்டு போனைப் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டிருந்தார், இருபது நொடிக்கு முந்தைய பேச்சை. அதன் நடுவே என் குரல் வந்தது. "என்னங்க! இங்க வாங்க!"

அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. ஒன்பது நாள் காத்திருந்த முகம் அது. போனைப் பார்த்துக் கண்ணடித்தார். "வந்துட்டாங்க!" என்று வாயை மட்டும் அசைத்தார். இதயங்கள் பொங்கின.

விரல் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நெஞ்சில்தான் வலித்தது. மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை.

அப்போது இதயங்களுக்கு நடுவே ஒரு கமெண்ட் ஏறியது. வகுப்புக்குத் தவறாமல் வருகிற ஒரு பெண், பொத்தான் விற்கிறவள், 'பட்டன் கடை' என்றுதான் அவள் கணக்குக்குப் பெயர். 'சார், இது எப்பவும் கேட்கிற குரல் இல்லை. போய்ப் பாருங்க' என்று எழுதியிருந்தாள்.

அடுத்த அறையில் நாற்காலி சரிந்து விழுந்தது. கதவருகில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. போனில் இருந்தவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

திருப்புளியை எடுத்தார். அவசரத்தில் இரண்டு தடவை கீழே போட்டார். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று எனக்கா தனக்கா தெரியாமல் சொல்லிக்கொண்டே திருகைக் கழற்றி விரலை விடுவித்தார். போனில் அவர் கண்ணடித்துவிட்டுச் சிரித்த சிரிப்பின் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கப் போனார்.

"இருக்கட்டும், பாருங்க" என்றேன்.

அவர் தன்னையே பார்த்தார், போனிலும் நாற்காலி விழுகிறவரை.

மருத்துவமனையில் விரலோடு வந்த ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். அடுத்த இரண்டு நாள் வீட்டுக்காரர் பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடந்தார். நான் இருமினால் வந்தார். சும்மா பெருமூச்சு விட்டாலும் கதவருகில் நின்றார். லைவ் போடவில்லை. என் மனசும் கொஞ்சம் இளகத்தான் செய்தது. பதினேழு வருஷம் கழித்தாவது காது கேட்க ஆரம்பித்ததே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, "சின்ன வேலை இருக்கு" என்று அறைக் கதவைச் சாத்தினார். மணி பத்து.

"என் மனைவி வலியில கத்தினாங்க. நான் கண்ணடிச்சேன்." சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஓர் இடைவெளி.

ஏழு நொடிக்குள் சொல்லி முடித்திருந்தார். இடைவெளியையும், வகுப்பில் விடச் சொல்லித் தருகிற இடத்திலேயே விட்டார். தப்பு பண்ணினால் மறைக்காதீர்கள், அதையே சொல்லுங்கள். எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே!

போனைப் போட்டுப் பார்த்தேன். அழுதார். பொய் அழுகை இல்லை, அவரை எனக்குத் தெரியும். ஆனால் கண்ணைத் துடைப்பதற்கு முன்னால் திரையின் மூலையை ஒரு பார்வை பார்த்தார். அங்கேதான் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் இருக்கும். இதுவரை வராத எண் அது.

"அவங்களையே கூப்பிடுறேன். நீங்களும் அவங்ககிட்ட மன்னிப்பு கேளுங்க, நானும் கேட்கிறேன்" என்றது சுவருக்கு அப்பாலிருந்த குரல். "பக்கத்து ரூம் அக்கா! கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

வைஃபை பெட்டி என் அறை அலமாரியில்தான் இருக்கிறது. எழுந்தேன். கட்டுப் போடாத கையால் பிளக்கைப் பிடுங்கினேன். வயரோடு அதை மடியில் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஏய்! நெட் போயிடுச்சு! இங்க வா!"

நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"கேக்குதா இல்லையா? சீக்கிரம் வா! எல்லாரும் போயிடுவாங்க!"

பன்னிரண்டு, பதின்மூன்று. நூல் கண்டை எடுத்து நிறம் பார்த்தேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். கண்ணில் ஈரம் இன்னும் காயவில்லை. "தொண்டை கிழியக் கூப்பிடுறேனே, காதுல விழலையா?"

"நல்லாத்தான் விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் வரல?"

"எப்பவும் போல ஷோவுக்குக் கத்துறீங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

அவர் என் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த பிளக்கைப் பார்த்தார். எடுத்துச் சொருகக் கை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஓரமாகக் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.